நம் நாடு ஆடாத கோப்பையில் ‘நாம்’ யார்?

1990 ஜூலை 3-ஆம் தேதி இரவு பதினொன்றரை மணிக்குத் திருச்சி பொன்மலை ரயில்வே குடியிருப்பில், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மாமா வீட்டு முன்னறையில், இருபது பேர் பாய் விரித்து நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். மாமாவின் மூத்த மகன் மொட்டைமாடியில் ஆன்டெனாக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க, “இன்னும் கொஞ்சம் திருப்பு, போதும், அப்படியே விடு” என்று கீழிருந்து நாங்கள் குரல் கொடுத்துக்கொண்டிருந்தோம். டயனோரா கறுப்பு வெள்ளைத் திரையில் இத்தாலியும் அர்ஜென்டினாவும் உலகக் கோப்பை அரையிறுதியில் ஆடின. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமனில் நின்று, கூடுதல் நேரமும் முடிந்து, பெனால்டிக்குப் போனபோது மணி இரவு இரண்டைத் தொட்டிருந்தது. அர்ஜென்டினாவின் கோல்கீப்பர் கோய்கோச்சேயா முதலில் டொனடோனியின் பந்தையும் அடுத்துச் செரீனாவின் பந்தையும் தடுத்தார். பணிமனையில் பிட்டராக இருந்த மாமா, பேசும்போதுகூடக் குரல் உயர்த்தாதவர், எழுந்து நின்று தோளில் கிடந்த துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார்.

ஐந்து நாள் கழித்து ரோம் நகரில் நடந்த இறுதியாட்டத்தின் 85-ஆவது நிமிடத்தில் பிரேமே அடித்த பெனால்டியால் மேற்கு ஜெர்மனி கோப்பையை வென்றது. மாமா அதே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தோத்துட்டோம்டா தம்பி” என்றார். எனக்கு அப்போது 12 வயது. அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். அந்தச் சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த ‘ஓம்’ என்ற விகுதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அர்ஜென்டினாவுக்கும் பொன்மலைக்கும் இடையே மொழியோ, மதமோ, வணிகமோ, உறவுமுறையோ எதுவும் இல்லாதபோது, அந்த நாட்டு அணியின் தோல்வி எப்படி எங்கள் தோல்வியானது?

இந்தக் கேள்வி இந்தியாவில் கூடுதல் அழுத்தத்துடன் எழுவதற்குக் காரணம் உண்டு. உலகக் கோப்பையில் நாம் ஒருமுறைகூட ஆடியதில்லை. 1950-இல் பிரேசிலில் நடந்த போட்டிக்குத் தகுதிச்சுற்றில் மற்ற ஆசிய அணிகள் விலகிக்கொண்டதால் இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. ஆனால் இந்தியாவும் போகவில்லை. வெறுங்காலுடன் ஆட அனுமதி மறுக்கப்பட்டதால்தான் போகவில்லை என்ற கதை இன்றுவரை சொல்லப்படுகிறது. அன்றைய அணித்தலைவர் சைலன் மன்னா பின்னாளில் அதை மறுத்தார். அக்காலத்துக் கால்பந்து நிர்வாகிகளுக்கு ஒலிம்பிக்தான் பெரிதாகத் தெரிந்தது, உலகக் கோப்பையின் மதிப்பு உறைக்கவில்லை என்பதே அவர் தந்த விளக்கம். அவர்களை முழுதும் குறை சொல்லவும் முடியாது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய இந்திய அணி, பிரான்சிடம் 2-1 என்ற கணக்கில்தான் தோற்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. அந்தத் தலைமுறை ரசிகர்களுக்கு இரவல் அணி தேவைப்படவில்லை. அதன்பின் இந்தியக் கால்பந்து சரிந்தது. சரிவும் தொலைக்காட்சியின் வருகையும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. நம் அணி கீழே போகப்போக, உலகின் மிகச்சிறந்த அணிகள் நம் முன்னறைக்குள் வந்தன.

கொல்கத்தா மட்டும் இதில் முந்திக்கொண்டது. 1977 செப்டம்பரில் பிரேசிலின் பெலே, நியூயார்க் காஸ்மோஸ் அணியுடன் ஈடன் கார்டனில் மோகன் பகானுக்கு எதிராக ஆடியபோது, அந்நகரத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே பிரேசிலின் பக்கம் சாய்ந்திருந்தது. பத்திரிகைச் செய்தியும் புகைப்படமும் வாய்வழிக் கதையும் சேர்ந்து வளர்த்த அன்பு அது. நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு, குறிப்பாக நம் தெற்குக்கு, அந்த நெருக்கம் 1986-இல்தான் கிடைத்தது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்து, அடுத்த சில ஆண்டுகளில் சிறுநகரங்கள்வரை ஒளிபரப்புக் கோபுரங்கள் எழுந்தன. மெக்சிகோவில் நடந்த 1986 உலகக் கோப்பையைத் தூர்தர்ஷன் நேரடியாகக் காட்டியது. தொலைக்காட்சிப் பெட்டி தெருவுக்கு ஒன்றோ இரண்டோ இருந்த காலத்தில், முதன்முதலாகத் தெருவே கூடி உட்கார்ந்து பார்த்த உலகக் கோப்பை அது.

அந்த முதல் பார்வையில் கிடைத்தவர் அர்ஜென்டினாவின் மரடோனா. 1986 ஜூன் 22-ஆம் தேதி அஸ்டெக்கா அரங்கில் இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதியில், நான்கு நிமிட இடைவெளியில் அவர் இரண்டு கோல்கள் போட்டார். 51-ஆவது நிமிடத்தில் கையால் தட்டிவிட்டது ஒன்று. 55-ஆவது நிமிடத்தில் தன் பாதிக்களத்திலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு ஆங்கிலேய ஆட்டக்காரர்களை வரிசையாகக் கடந்துபோய்ப் போட்டது மற்றொன்று. நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் பாக்லாந்துத் தீவுகளுக்காக அவ்விரு நாடுகளும் 74 நாள்கள் போரிட்டு, அர்ஜென்டினா 649 பேரைப் பறிகொடுத்திருந்தது. அந்தப் போரின் நியாய அநியாயம் பொன்மலையில் யாருக்கும் தெரியாது. ஆனால் இங்கிலாந்து தோற்றது என்பதில் ஒரு தனி மகிழ்ச்சி இருந்ததை நான் பெரியவர்களிடம் கேட்டிருக்கிறேன். பிரிட்டிஷார் கட்டிய பணிமனையில், பிரிட்டிஷார் சமன்செய்து கொடுத்த மைதானத்தில், பிரிட்டிஷார் சொல்லிக்கொடுத்த ஆட்டத்தை ஆடி வளர்ந்தவர்கள் அவர்கள். அந்த ஆட்டத்தில் அவர்களைத் தங்களைப் போலவே குட்டையான, கறுத்த, ஏழைக் குடியிருப்பில் பிறந்த ஒருவன் வென்றுவிட்டான். இதைவிடக் குறுகிய வழியில் ஓர் அன்பு பிறக்க முடியாது.

ஒருவர் தேர்ந்தெடுக்கும் அணி, பெரும்பாலும் அவர் விவரம் தெரிந்து பார்த்த முதல் உலகக் கோப்பையின் அணியாகவே இருப்பதை என் நண்பர்களிடம் தொடர்ந்து பார்த்திருக்கிறேன். 1986-இல் பத்து வயதுக்காரர்களாக இருந்தவர்கள் அர்ஜென்டினா. 2002-இல் ரொனால்டோவையும் ரொனால்டினோவையும் பார்த்தவர்கள் பிரேசில். 2010-இல் தொடங்கியவர்களில் ஸ்பெயின் ரசிகர்கள் அதிகம். அண்ணன் ஓர் அணி என்றால் வீம்புக்காக எதிரணியைப் பிடிக்கும் தம்பிகளும் உண்டு. ஆனால் தேர்வு எப்படி நிகழ்ந்தாலும், நிகழ்ந்தபின் அதை மாற்றிக்கொள்பவர்கள் அரிது. ஊர் மாற்றிக்கொண்ட, வேலை மாற்றிக்கொண்ட, கட்சிகூட மாற்றிக்கொண்ட மனிதர்கள் அணியை மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

இங்கே நம் மொழி ஓர் உதவி செய்கிறது. தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’; விலக்கிவிட்டால் ‘நாங்கள்’. டீக்கடையில் பிரேசில்காரனும் அர்ஜென்டினாக்காரனும் மோதிக்கொள்ளும்போது “நாங்க அஞ்சு கப் வாங்கியிருக்கோம், நீங்க எத்தனை?” என்றுதான் பேச்சு ஓடும். ஒரே அணிக்காரர்கள் சந்தித்தால் “நம்மகிட்ட டிஃபென்ஸ் சரியில்ல” என்று அது ‘நாம்’ ஆகிவிடும். இருவருமே கண்ணால் பார்த்திராத ஒரு நாட்டை வைத்துக்கொண்டு, ஒரே தெருவில் ‘நாங்கள்’ என்று ஒரு கோட்டைக் கிழிக்கவும் ‘நாம்’ என்று ஒரு வட்டத்தைப் போடவும் அவர்களால் முடிகிறது. ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டுக்கு வழியில்லை. ஆனாலும் அந்த மொழியிலேயே இதன் பாதியைக் கண்டறிந்தவர்கள் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய சகாக்களும் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக அணி வென்ற வாரத்தின் திங்கட்கிழமைகளில் மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த உடையைக் கூடுதலாக அணிந்து வந்ததைக் கணக்கெடுத்தார்கள். தொலைபேசியில் கேட்டபோது, வென்ற ஆட்டத்தை விவரிக்கையில் ‘நாம் வென்றோம்’ என்ற பன்மை மிகுந்தும், தோற்ற ஆட்டத்தை விவரிக்கையில் குறைந்தும் வந்தது. பிறர் வெற்றியின் வெளிச்சத்தில் நாமும் கொஞ்சம் குளிர்காய்கிறோம் என்பது அவர்கள் முடிவு.

அதை நான் ஏற்கிறேன்; ஆனால் அது மாமாவின் ‘தோத்துட்டோம்’ என்ற சொல்லை விளக்கவில்லை. வெளிச்சத்துக்காக மட்டும் வந்தவர் “தோத்துட்டானுங்க” என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துத் தூங்கப் போயிருப்பார். ஒருவர் உண்மையில் ஓர் அணியின் ரசிகரா என்பதை அறிய, அவர் தோல்வியை எந்த விகுதியில் சொல்கிறார் என்று கவனித்தால் போதும் என்பது என் முப்பது ஆண்டு அனுபவம்.

உடலும் இதற்குச் சாட்சி சொல்கிறது. 1994 உலகக் கோப்பை இறுதியில் பிரேசிலும் இத்தாலியும் மோதியபோது, அமெரிக்காவின் அட்லாண்டாவில் அமர்ந்து தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த இரு அணி ரசிகர்களின் எச்சிலை ஆய்வாளர்கள் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். வென்ற பிரேசில் ரசிகர்களிடம் டெஸ்டோஸ்டிரோன் கூடியிருந்தது. இத்தாலி ரசிகர்களிடம் குறைந்திருந்தது. நேரில் மோதிக்கொண்ட இருவரிடம் நிகழும் மாற்றம், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களிடமும் நிகழ்ந்தது. 2006-இல் ஜெர்மனியில் போட்டி நடந்தபோது மியூனிக் பகுதி மருத்துவர்கள் எடுத்த கணக்கு இன்னும் கடுமையானது: ஜெர்மனி ஆடிய நாள்களில் மாரடைப்பு உள்ளிட்ட அவசர இதய நோய் நிகழ்வுகள் வழக்கமான நாள்களைவிட 2.66 மடங்காக இருந்தன, ஆண்களிடம் 3.26 மடங்கு. 1998-இல் இங்கிலாந்து அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் தோற்ற நாளிலும் அடுத்த இரண்டு நாள்களிலும் இங்கிலாந்து மருத்துவமனைகளில் மாரடைப்புச் சேர்க்கை 25 விழுக்காடு கூடியதாக இன்னோர் ஆய்வு பதிவு செய்தது. “வெறும் விளையாட்டுதானே” என்று வீட்டில் சொல்பவர்களுக்கு இந்த எண்களைச் சொல்லலாம். இரத்த அழுத்தம் உள்ள ரசிகர்கள் அன்றைய மாத்திரையை மறக்கக்கூடாது என்பதையும் அக்கறையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரவல் அணி பிடித்தவர்களின் உணர்வைப் பற்றிப் பேசும்போது, சொந்த நாடு ஆடும் ரசிகர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையதோ அந்த அணி, கதை முடிந்தது என்று தோன்றுகிறது. அது அவ்வளவு எளிதன்று என்பதை எனக்குப் பின்னாளில் விளங்க வைத்தது, 12 வயதில் நான் பார்த்த அதே அரையிறுதிதான். அந்த ஆட்டம் நடந்த ஊர் நேப்பிள்ஸ். அன்று அரங்கில் இருந்தவர்களின் நெஞ்சுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எங்கள் முன்னறையில் யாருக்கும் தெரியாது.

மரடோனா 1984-இல் நேப்பிள்ஸின் நாபொலி கழகத்துக்கு வந்தார். இத்தாலியின் பணமும் தொழிலும் மிலான், டுரின் போன்ற வடக்கு நகரங்களில்; தெற்கிலுள்ள நேப்பிள்ஸ் வறுமைக்கும் குப்பைக்கும் பெயர்பெற்றது என்று வடக்கத்தியர் ஏளனம் செய்துவந்த காலம் அது. நாபொலி அணி வடக்கு நகரங்களில் ஆடப் போனால், வெசூவியஸ் எரிமலை வெடித்து அவர்களை நெருப்பால் கழுவட்டும் என்று அரங்கமே பாடும். அந்த நாபொலி, மரடோனாவின் தலைமையில் 1987-இல் தன் வரலாற்றில் முதல்முறையாக இத்தாலிய லீக் பட்டத்தை வென்றது; 1990-இல் மீண்டும் வென்றது. உலகக் கோப்பைக்குச் சில வாரங்களே இருந்தன. அந்தப் போட்டியின் அரையிறுதியில், நேப்பிள்ஸின் சொந்த அரங்கில், நேப்பிள்ஸின் நாயகன் இத்தாலிக்கு எதிராகக் களம் இறங்கினார்.

ஆட்டத்துக்கு முன்பு மரடோனா நேப்பிள்ஸ் மக்களிடம் நேராகவே ஆதரவு கேட்டார். ஆண்டு முழுதும் உங்களை இத்தாலியராகவே மதிக்காதவர்கள் இந்த ஒருநாள் மட்டும் இத்தாலியராக இருக்கச் சொல்கிறார்கள், நானோ 365 நாளும் நேப்பிள்ஸ்காரன் என்ற பொருள்பட அவர் பேசியது இத்தாலியையே உலுக்கியது. சில நாளிதழ்கள் அதைப் பிரிவினைப் பேச்சு என்றன. அரங்கில் ரசிகர்கள் எழுதிப் பிடித்த பதாகை ஒன்று பதில் சொன்னது: மரடோனா, நேப்பிள்ஸ் உன்னை நேசிக்கிறது, ஆனால் இத்தாலி எங்கள் தாய்நாடு. அந்த வாசகத்தை எழுதியவர் பட்ட வேதனையை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் இரண்டையும் சொல்லவேண்டியிருந்தது. ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தால் மற்றது பொய்யாகியிருக்கும்.

அன்று 17-ஆவது நிமிடத்தில் ஸ்கிலாச்சி கோல் போட்டு இத்தாலியை முன்னேற்றினார். 67-ஆவது நிமிடத்தில் கனிஜியா தலையால் தொட்டுச் சமன் செய்தார்; அந்தப் போட்டியில் இத்தாலிய கோல்கீப்பர் செங்கா விட்டுக்கொடுத்த முதல் கோல் அது. பெனால்டியில் அர்ஜென்டினாவுக்கு வெற்றி தந்த நான்கு பந்துகளில் கடைசிப் பந்தை அடித்தவர் மரடோனா. தான் ஆண்டுதோறும் கோல் போட்டு மகிழ்வித்த ஊரின் நடுவில், அந்த ஊரின் நாட்டைப் போட்டியிலிருந்து வெளியேற்றினார். அர்ஜென்டினாவின் தேசிய கீதத்தைச் சீழ்க்கை அடித்து அவமதிக்காத அரங்கு அந்தப் போட்டியில் நேப்பிள்ஸ் மட்டுமே என்று மரடோனா பின்னர் நன்றியோடு நினைவுகூர்ந்தார். ஐந்து நாள் கழித்து ரோம் அரங்கு அந்தக் கீதத்தை முழுதும் சீழ்க்கையில் மூழ்கடித்தபோது, கேமரா முன் அவர் உதடுகள் வசைச்சொல் உதிர்த்ததை உலகமே பார்த்தது. 2020-இல் மரடோனா இறந்த சில நாள்களிலேயே அந்த நேப்பிள்ஸ் அரங்குக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. இத்தாலியைத் தோற்கடித்தவரின் பெயரை இத்தாலிய நகரம் ஒன்று தன் அரங்குக்கு வைத்திருக்கிறது.

ஒரு நாட்டு அணியின் அடையாளம் என்று நாம் கருதுவதற்குள்ளேயே இன்னொரு நாட்டின் அன்பு ஒளிந்திருப்பதற்கு இதைவிட வியப்பான சான்று பிரேசிலின் மஞ்சள் சட்டை. 1950 ஜூலை 16-ஆம் தேதி மரக்கானா அரங்கில் ஏறக்குறைய 2 லட்சம் பேர் முன்னிலையில் பிரேசில் உருகுவேயிடம் 2-1 என்று தோற்றது. அன்று ஆட்டக்காரர்கள் அணிந்திருந்தது வெள்ளைச் சட்டை. கோல்கீப்பர் பார்போசாவை நாடே குற்றவாளியாக்கியது. அவர் 2000-ஆம் ஆண்டில் சாகும்வரை அந்தப் பழி தீரவில்லை. வெள்ளைச் சட்டையும் ராசியில்லாததாகி, புதிய சட்டைக்காக 1953-இல் நாளிதழ் ஒன்று போட்டி வைத்தது. கொடியின் நான்கு நிறங்களும் இடம்பெற வேண்டும் என்ற நிபந்தனைக்கு ஏற்ப மஞ்சள் சட்டை, பச்சை ஓரம், நீலக் கால்சட்டை, வெள்ளைக் காலுறை என்று வரைந்து வென்றவர் அல்டிர் கார்சியா ஷ்லீ என்ற இளைஞர். அவர் பிறந்த ஜகுவாராவ், உருகுவே எல்லையில் உள்ள ஊர். ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் அடுத்த நாடு. தன் மனம் உருகுவே அணியின் பக்கம்தான் என்பதை அவர் வாழ்நாளில் மறைக்கவில்லை. பிரேசிலை அழவைத்த நாட்டின் ரசிகர் வரைந்த சட்டையைத்தான் உலகெங்கும் கோடிப்பேர் பிரேசிலின் ஆன்மாவாக அணிந்துகொள்கிறார்கள். 2018 நவம்பரில், பிரேசிலும் உருகுவேயும் லண்டனில் ஓர் ஆட்டம் ஆடவிருந்ததற்கு முந்தைய நாள், அவர் காலமானார்.

இப்போது குடிபெயர்ந்தோரின் காலம் என்பதால் இந்தச் சிக்கல் ஆட்டக்காரர்களிடமே வந்து சேர்ந்துவிட்டது. ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷனில் பிறந்து, அந்நாட்டுக்காக 92 ஆட்டங்கள் ஆடி, 2014 கோப்பையை வென்ற மெசூட் ஓசில், 2018-இல் விலகும்போது, வென்றால் நான் ஜெர்மானியன், தோற்றால் குடியேறியவன் என்று எழுதினார். ரசிகர்களின் ‘நாம்’ எவ்வளவு இரக்கமின்றிச் சுருங்கக்கூடும் என்பதற்கு அந்த ஒரு வரி போதும். அதன் மறுபக்கம் 2022-இல் மொரோக்கோ. அந்த அணியின் 26 பேரில் 14 பேர் மொரோக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். ஹக்கிமி பிறந்தது மாட்ரிட்டில், சியெச் நெதர்லாந்தில், கோல்கீப்பர் போனோ கனடாவின் மான்ட்ரியலில், பயிற்சியாளர் ரெக்ராகி பிரான்சில். அவர்கள் தாய் தந்தையரின் நாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். போர்ச்சுகலை வென்று அரையிறுதிக்குள் நுழைந்த முதல் ஆப்பிரிக்க அணியான இரவில், ஆட்டக்காரர் பூஃபால் தன் தாயின் கைகளைப் பிடித்துக்கொண்டு புல்தரையில் ஆடிய காட்சி, தாய்நாடு என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் தந்தது.

நாடே இல்லாத அணிகளும் உண்டு. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான பீபாவில் இடம்பெற முடியாத மக்களினங்களுக்காகக் கோனிபா என்ற அமைப்பு நடத்தும் உலகக் கோப்பையில், 2014-இல் சுவீடனிலும் 2018-இல் லண்டனிலும் தமிழீழ அணி என்ற பெயரில் புலம்பெயர்ந்த ஈழத்தமிழ் இளைஞர்கள் ஆடினார்கள். அவர்கள் அதிகம் வெல்லவில்லை. அரசியலில் யார் எந்தப் பக்கம் இருந்தாலும், வேறொரு நாட்டில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை, வார இறுதிப் பயிற்சிக்கு இடையே, பெற்றோரின் ஊரின் பெயரில் ஒரு சட்டையை அணிந்துகொள்ள விரும்பியதில் இருக்கும் ஏக்கத்தைக் கால்பந்து ரசிகன் எவனாலும் உணர முடியும். தூரத்து நாட்டைச் சொந்தமாக்கிக்கொண்ட பொன்மலைக்காரர்களும், தூரமாகிப்போன ஊரைச் சொந்தமாக்கிக்கொண்ட அவர்களும் செய்வது ஏறத்தாழ ஒரே வேலை.

இரவல் அன்பு ஒருவழிப் பாதையாகவே இருக்கும் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். 2022 அந்த எண்ணத்தை மாற்றியது. கோழிக்கோடு மாவட்டம் புல்லாவூரில் ஆற்றின் நடுத்திட்டில் மெஸ்ஸிக்கு 30 அடி உயரத்தில் உருவம் நிறுத்தினார்கள்; பிரேசில் ரசிகர்கள் நெய்மருக்கு 40 அடியில் பதில் சொன்னார்கள்; பிறகு போர்ச்சுகலின் ரொனால்டோவும் வந்தார். அந்தப் படத்தை பீபாவே பகிர்ந்தது. டாக்காவில் அகன்ற திரைகளின் முன்னால் பல்லாயிரம் பேர் விடிய விடிய நின்றார்கள். கோப்பை வென்றபின் அர்ஜென்டினாக் கால்பந்துச் சங்கம் பங்களாதேஷுக்கும் இந்தியாவுக்கும் கேரளத்தைத் தனியே பெயர் சொல்லியும் நன்றி தெரிவித்தது. அர்ஜென்டினா மக்கள் பங்களாதேஷின் கிரிக்கெட் அணிக்கு ஆதரவாக இணையக் குழு தொடங்கினார்கள், அந்த ஆட்டத்தின் விதிகள் பலருக்கும் தெரியாதபோதும். 1978-இல் மூடப்பட்ட டாக்கா தூதரகத்தை 2023 பிப்ரவரியில் அர்ஜென்டினா மீண்டும் திறந்தது. வணிகக் காரணங்களும் அதில் இருந்திருக்கும். ஆனால் கால்பந்து இல்லாமல் அந்தக் கதவு அவ்வளவு விரைவில் திறந்திருக்காது என்றே நம்புகிறேன்.

இரவல் அணிகள் வந்ததால்தான் இந்தியக் கால்பந்து வாடியது என்று சிலர் வருந்துகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உலகக் கோப்பை மாதத்தில் தெருவெங்கும் பிரேசில் கொடியும் அர்ஜென்டினாக் கொடியும் கட்டும் வடசென்னை வியாசர்பாடிதான் இந்திய அணிக்கு நந்தகுமார் சேகரையும் தந்தது. ஆட்டத்தின் மேல் பசி இருக்கும் இடத்தில்தான் ஆட்டக்காரர்கள் விளைகிறார்கள். நமக்கு இல்லாதவை மைதானமும் பயிற்சியாளரும் நல்ல நிர்வாகமும்.

2022 டிசம்பரில் என் மகளுக்குப் பத்து வயது. அர்ஜென்டினாச் சட்டை வாங்கித் தருகிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஸ்பெயினுக்கு எதிரான பெனால்டியில் ஹக்கிமி ஓடிவந்து, கோல்கீப்பர் ஒருபக்கம் சாய்ந்ததும் பந்தை நடுவில் மெல்லத் தூக்கிவிட்டு, பென்குவினைப் போல் தத்தித்தத்தி ஆடியதைப் பார்த்த நிமிடத்தில் அவள் மொரோக்கோக்காரி ஆகிவிட்டாள். அட்லஸை எடுத்து அந்த நாட்டைத் தேடினாள். சிவப்புச் சுடிதாரில் பச்சை ரிப்பனால் ஐந்துமுனை நட்சத்திரம் தைத்துக் கேட்டாள். அவள் பாட்டி தைத்துக் கொடுத்தார். பிரான்சுடனான அரையிறுதி நம் நேரப்படி நள்ளிரவு பன்னிரண்டரைக்கு. மறுநாள் பள்ளி இருந்தும் விழித்திருக்க அனுமதித்தேன், என் அப்பா எனக்கு 1990-இல் அனுமதித்ததைப் போல. ஐந்தாவது நிமிடத்திலேயே எர்னாண்டஸ் கோல் போட்டார். அதன்பின் மொரோக்கோ நெருக்கி நெருக்கி ஆடியும் பந்து வலைக்குள் போகவில்லை. 79-ஆவது நிமிடத்தில் இரண்டாவது கோலும் விழுந்தது. கடைசி விசில் ஊதும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. பிறகு நட்சத்திரம் தைத்த சுடிதார் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் என் தோளில் சாய்ந்தாள்.

“தோத்துட்டோம்பா” என்றாள்.